உட்கார நேரும் வாய்ப்பு

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்றொரு பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பிரிவு ஒரே ஒரு வாக்கியம்தான். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலையினூடே உட்கார நேரும் எந்த வாய்ப்பையும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டு, வேலைநேரம் முழுக்கக் கால் கடுக்க நிற்பதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. 'கால் கடுக்க' என்பது நான் போட்ட சொல். ஆங்கில மூலத்தில் 'ஆன் தேர் டோஸ்' என்று மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது எந்நேரமும் விழிப்பாக, சுறுசுறுப்பாக இருப்பதைக் குறிக்கும் பேச்சுவழக்கு. மேலாளர்கள் பணியாளரைப் பாராட்டவும் விரட்டவும் பயன்படுத்துவது. தமிழில் சொல்லும்போதுதான் அதற்குள் வலி வருகிறது.

இந்த வாக்கியத்தை மாணவியரோடு உட்கார்ந்து பலமுறை வாசித்திருக்கிறேன். சட்டங்களை நாம் பொதுவாக வாசிப்பதில்லை. பெண்களுக்குச் சாதகமானது, பாதகமானது என்று இரண்டு கட்டாகக் கட்டி வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தைக் கொடுத்தால், எந்தச் சொல்லில் யாருடைய குரல் தங்கியிருக்கிறது, எந்தச் சொல்லில் அது கழற்றி விடப்பட்டது என்று தெரியும். இந்த வாக்கியம் சென்னைக்கு வருவதற்கு முன் கேரளத்தில் சட்டமானது. அதற்கும் முன் அது ஒரு கடைத்தெருவில் இருந்தது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு. ஜவுளிக் கடைகளும் சின்னச் சின்னக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். விற்பனை வேலையில் இருந்த பெண்கள் பலருக்குக் கடையில் கழிப்பறை கிடையாது. முதலாளியிடம் கேட்டால், தண்ணீர் குடிக்காமல் இரு என்ற பதில். நாள் முழுக்க அடக்கி வைத்ததில் சிறுநீர்த் தொற்று. மாதவிடாய் நாட்களில் சொல்லவே வேண்டாம். அந்தத் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, 2009இல் இந்தப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களுடைய கோரிக்கைகளில் முன்னால் நின்றது கழிப்பறை.

கூலி குறைவாக இருந்தது, வேலைநேரம் நீண்டிருந்தது. எந்தத் தொழிற்சங்கக் கையேட்டைப் புரட்டினாலும் அவைதாம் முதலில் வரும். இந்தப் பெண்கள் ஏன் கழிப்பறையை முன்னால் வைத்தார்கள்?

இந்த இடத்தில் நம்முடைய பயிலரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பெண்கள் குழுக்களின் 'முன்னுரிமைகளை' கண்டறியும் கூட்டங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கும். அதில் குடிநீர், சாலை, கூலி, மது என்று எழுதியிருக்கும். ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு கொடுப்பார்கள். எது முக்கியமோ அதன் எதிரே ஒட்ட வேண்டும். பொட்டு அதிகம் விழுந்தது முதல் கோரிக்கை. பார்க்க ஜனநாயகமாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் மேற்பார்வையாளரோ பஞ்சாயத்து உறுப்பினரோ ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அறையில், 'மூத்திரம் போக இடமில்லை' என்ற வரியை அந்தத் தாளில் ஏற்றச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வெட்கம் படிந்த தேவை பட்டியலுக்குள் நுழைவதே இல்லை. பட்டியலில் இல்லாததற்குப் பொட்டும் விழாது. கூட்டம் முடிந்ததும், இந்தப் பகுதிப் பெண்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று நிதி கொடுத்தவருக்கு அறிக்கை போய்விடும்.

பெண்கூட்டின் வரிசை இப்படி உருவானதல்ல. ஒரே தெருவில் ஒரே வலியோடு இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி வந்து சேர்ந்த இடம் அது. உடலில் எது முதலில் வலிக்கிறதோ அது முதலில் வந்தது. அதில் ஒரு கூர்மையான கணக்கும் இருந்ததாக நினைக்கிறேன். கூலியைக் கேட்டால், வியாபாரம் இல்லை என்று முதலாளி பேரேட்டை எடுத்து வைக்கலாம். கழிப்பறைக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. இல்லை என்று சொல்பவர், சக மனுஷியின் உடல் எனக்குப் பொருட்டில்லை என்று வாய்விட்டுச் சொன்னதாக ஆகிவிடும்.

பெரிய சங்கங்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தெரிந்தது. ஆண்கள் நடத்திய அந்தச் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளாததால், அமைப்புசாராத் துறைத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. இது கோழிக்கோட்டின் கதை மட்டுமல்ல. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அவர்களில் கணிசமானோர் தலித்துகள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள்; நாள்கூலி 232 ரூபாயை 500 ஆக்கச் சொன்னார்கள். ஆதரவு தெரிவிக்க வந்த சங்கத் தலைவர்களைப் போராட்டத்துக்குள் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அப்போது வந்தது. அங்கே முதல் கோரிக்கை பணம், மிட்டாய்த் தெருவில் கழிப்பறை. பெண்களின் பிரச்சினை இன்னதுதான் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பவர்களுக்கு இரண்டுமே இடக்கானவை. மூணாறு அவர்களுக்கு 'வெறும் பொருளாதாரவாதம்', மிட்டாய்த் தெரு 'வெறும் வசதிப் பிரச்சினை'. எங்கே வலிக்கிறது என்று சொல்லும் உரிமையைப் பிறரிடம் விட மறுத்தார்கள் என்பதில் இரண்டும் ஒன்று.

கழிப்பறைக்குப் பின்னால் நாற்காலி வந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். இவை கேரளத்தின் ஜவுளிக் கடைகளில் நடைமுறையாக இருந்தவை. 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு முன் ஆறு பெண்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். சங்கம் சேர்ந்ததால் தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டவர்கள் அவர்கள். மூன்று மாதத்துக்கும் மேல் நீடித்த அந்தப் போராட்டத்துக்கு 'இரிக்கல் சமரம்' என்று பெயர். உட்கார உரிமை கேட்டு உட்காரும் போராட்டம். தமிழிலும் 'இரு' என்பது உட்காருவதையும் உயிரோடு இருப்பதையும் ஒருசேரச் சொல்லும் வினை; விளக்கம் தேவைப்படாத பெயர்.

2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. இருக்கை கட்டாயமானது. அதே ஆண்டு பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது. செய்திகள் மகிழ்ச்சியோடு இத்துடன் முடிந்துவிட்டன. ஆனால் அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. அதுவரை கடைகளில் பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது. திருத்தத்துக்குப் பின் அந்த எல்லை 9 மணி; சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்தும் இருந்தால் அதற்கு மேலும். இரவு வேலைக்கான தடையை நீக்குவது சமத்துவம் என்று வாதிடலாம், அந்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. இருந்தாலும், உட்கார இடம் கேட்டவர்களுக்கு நாற்காலியைக் கொடுத்த கை, கடையில் அவர்களை வைத்திருக்கக்கூடிய நேரத்தை இரண்டு மணிக்கூறு நீட்டிக்கொண்டது. ஒரு கோரிக்கை அரசாணையாகும் வழியில் யார் யாரெல்லாம் அதில் ஏறிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதும் குழுக்களின் வேலைதான்.

தமிழ்நாட்டுக்கு அந்த வாக்கியம் வேறு வழியில் வந்தது. மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவின் 2019 கூட்டத்தில் இந்த யோசனை வைக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று மசோதாவின் நோக்கவுரை சொல்கிறது. அரசு, முதலாளிகள், சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் அமரும் குழு அது. 'ஒருமனதாக' என்ற சொல் என்னை உறுத்துகிறது. முதலாளிகளும் தயங்காமல் கையுயர்த்திய ஓர் உரிமை அவர்களுக்கு என்ன செலவு வைத்தது? சில நாற்காலிகள்.

விடை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. 'உட்கார நேரும் எந்த வாய்ப்பையும்' என்பதைத் திரும்ப வாசியுங்கள். வாய்ப்பு தானாக நேர வேண்டும். அதை நேரச் செய்யும் பொறுப்பு யாருக்கும் இல்லை. கேரளத் திருத்தத்தின் வாசகமும் ஏறக்குறைய இதுதான். இது அங்கே புதிதாகப் பிறந்ததும் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இருக்கை வேண்டும், வேலையின்போது நேரும் ஓய்வு வாய்ப்புகளை அவர்கள் பயன்படுத்திக்கொள்வதற்காக என்று எழுதியிருக்கிறது. எழுபது ஆண்டுப் பழைய வாசகத்தில் 'ஓய்வு' இருந்த இடத்தில் 'உட்காருவது' வந்திருக்கிறது. உட்காருவதை விட ஓய்வு பெரிய சொல்.

வேறு மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1899இலேயே பிரிட்டனில் கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம் ஒன்று வந்தது. பெண் பணியாளர் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது. கஞ்சத்தனமான கணக்குதான், ஆனால் எண்ணிப் பார்த்துவிடலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 120ஆம் உடன்படிக்கை அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் உரியது. அதன் 14ஆம் பிரிவு போதிய இருக்கைகள் வேண்டும் என்பதோடு நிற்காமல், அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பு தொழிலாளர்களுக்கு இருந்தாக வேண்டும் என்கிறது. அங்கே வாய்ப்பு ஓர் உரிமை. இங்கே அது மழை மாதிரி, வந்தால் வரும்.

சென்ற தீபாவளிக்கு முன் ஒரு ஜவுளிக் கடையின் இரண்டாம் மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் பிரிக்காத கட்டுகள். உட்காருவதுண்டா என்று மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "உட்காரலாம்க்கா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். கண்ணால் மட்டும் மேலே காட்டினார். கேமரா. ஆய்வாளர் வந்தால் ஸ்டூல் இருக்கும், படிவம் நிரம்பும், சட்டப்படி அந்தக் கடையில் குறையொன்றும் இருக்காது.

ஒரு திருத்தம் இந்த வாக்கியத்தைச் சரியாக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கேட்பதற்கு இப்போது திட்டமான விஷயங்கள் உள்ளன. 'நேரும் வாய்ப்பு' என்பதை எடுத்துவிட்டு, இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம் என்று எழுதலாம். உட்கார்ந்ததைக் காரணம் காட்டிச் சம்பளம் பிடிப்பதும் இடமாற்றம் செய்வதும் குற்றம் என்று சேர்க்கலாம். கேமரா பதிவை அதற்குச் சாட்சியாக வைக்கக் கூடாது என்று சேர்க்கலாம். எத்தனை நிமிடம் என்ற எண்ணை நானோ ஆலோசனைக் குழுவோ போடக் கூடாது. அதைக் கடை மூடியபின், மேற்பார்வையாளர் இல்லாத அறையில், காலைத் தேய்த்துக்கொண்டே அந்தப் பெண்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். அவர்கள் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வேறு எதையாவது கேட்கவும் கூடும். கடை விடுதியின் சோறாகவோ, விடுதிக் கதவு பூட்டப்படும் நேரமாகவோ, தீபாவளி மாதத்தில் கிடைக்காமல் போகும் வாரவிடுமுறையாகவோ அது இருக்கலாம். அப்போது நம் கையிலிருக்கும் பட்டியலைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.