மரக்கரண்டி எடுத்தால் வேகம் கூடும்

‘தி பைண்டிங் ஆஃப் ஐசக்’ (2011) ஒரு ரோக்லைக் கேம். செத்தால் முதலிலிருந்து ஆடணும், அறைகளும் மாறிவிடும். கடவுளின் குரல் கேட்டு மகனைப் பலியிட வருகிறாள் அம்மா; பையன் நிலவறைக்குள் குதிக்கிறான். ஆயுதம், அவன் கண்ணீர்.

வழியில் கிடைக்கும் மரக்கரண்டியும் பெல்ட்டும் ஓட்டத்தைக் கூட்டும். அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மொத்தமும் பெட்டிக்குள் ஒளிந்த பையனின் கற்பனையோ என்று முடிவுகள் சந்தேகத்தைக் கிளப்புகின்றன. அப்படியானால் திரும்பத் திரும்ப ஆடுவதும் அவன்தான்.

பெயர் பைபிளின் ஈசாக்குடையது. திருவண்ணாமலைக்காரனான எனக்குச் சிறுத்தொண்டர்தான் நினைவுக்கு வந்தார். சேக்கிழாரில், பெற்றோர் சந்தோஷமா இருக்காங்க என்று நினைத்துச் சீராளன் சிரிக்கிறான். மெக்மில்லனின் பையன் அழுகிறான். கதை அவன் பக்கம் திரும்புகிறது.

பின்னால் வந்த விரிவாக்கங்கள் எனக்கு ஒட்டவில்லை. நூற்றுக்கணக்கான பொருட்கள், காம்போ கணக்கில் பையன் மறந்தே போகிறான்.