கம்பி அறுந்த கருவி

சக்கர வண்டியில் சுவரோரம் நிற்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இயந்திரத்தின் சாமர்த்தியம் அனைத்தையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கி, கம்பியையும் அறுத்துவிட்டு, ஈரலும் இருதயமும் டாக்டரின் கைபேசியிலேயே தெரியும்படி செய்த நிபுணர்களின் நுட்பம் வெகுவாக ரசிக்கத்தக்கது. 2012-இல் சீமென்ஸ் நிறுவனம், உடலின்மேல் வைக்கும் புரோபின் கம்பியை மட்டும் நீக்கிற்று. கனடாவின் கிளேரியஸ் போன்றவர்களோ இயந்திரத்தையே நீக்கிவிட்டார்கள்.

இதில் பிரதான சங்கடம் உஷ்ணம். மின்சாரம் பட்டதும் அதிர்ந்து ஒலியெழுப்பி, அவ்வொலி திசுக்களில் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் சென்று மோதித் திரும்புகையில் அதையே மீண்டும் மின்சாரமாக்கும் பீசோ துண்டுகளும், எதிரொலிகளைச் சித்திரமாகக் கோக்கும் மின்சுற்றும், வைஃபையும், பேட்டரியும் ஒரே கூட்டில் வாசம் செய்ய, நோயாளியின் தோலைத் தொடும் முகமோ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாதென்பது விதி. காற்றுத் துவாரம் வைக்கலாமென்றால், கிருமிநாசினியில் துடைத்து நனைக்கவேண்டிய பொருளுக்கு அது ஆகாது. ஆகவே சிலர் கூட்டையே மெக்னீசிய உலோகத்தால் வார்த்து, சூட்டை அதன்மேல் பரவவிடுகிறார்கள். படம் எடுக்காத வேளையில் கருவி தானே உறங்கவும் ஏற்பாடு உண்டு. படத்தின் தெளிவில் பேராசை கொண்டால் பேட்டரி சீக்கிரம் தீரும், கையும் சுடும்.

இடையே காற்றுப் படலம் இருந்தால் ஒலி தோலுக்குள் புகாமலே திரும்பிவிடுமாதலால், ஜெல் புட்டி மட்டும் இன்னும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.