ஓசிப் பெயர்ப்பலகை

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிக்கு சி.டி.எச். சாலையில் போனால், பெட்டிக்கடைகளின் பெயர்ப்பலகைகளில் பலவும் ஒரே நிறத்தில் இருக்கும். குளிர்பானக் கம்பெனியோ செல்போன் கம்பெனியோ தன் செலவில் மாட்டிக்கொடுத்தவை. கம்பெனியின் பெயர் பெரிதாக, கடையின் பெயர் மூலையில். கடைக்காரருக்கு இதில் வருத்தமில்லை, பலகைக் காசு மிச்சம். வாடிக்கையாளருக்கும் தொந்தரவில்லை. பலகை தலைக்கு மேலேதான் இருக்கிறது, கல்லாவை மறைப்பதில்லை.

இணையத்தில் இலவச இடம் தருகிறவர்கள் முதலில் பேசிய பேரமும் இதுதான். 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், அதையொட்டி வந்த டிரைபாட், ஏஞ்சல்ஃபயர் எல்லாமே இடத்துக்குக் காசு வேண்டாம், ஓரமாக ஒரு விளம்பரம் போட்டுக்கொள்கிறோம் என்றன. இதை வெறும் சுரண்டல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2000-களின் நடுவில் இந்தப் புறநகர்ப் பக்கம் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்டிரைக் ஆடிய பையன்களை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு கிளான். அதற்கு ஒரு பெயர், ஒரு லோகோ, ஜெயித்த மேட்ச்களின் பட்டியல், அடுத்த ஞாயிறு யாரோடு மோதல் என்ற அறிவிப்பு. இவற்றை வைக்க ஓர் இணையதளம் வேண்டும். காசு கொடுத்து வாங்கப் போனால் கிரெடிட் கார்டு கேட்பார்கள், விலையும் டாலரில். தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பாவிடம் “கிளானுக்கு சர்வர்ல இடம் வாங்கணும்ப்பா” என்றால் என்ன பதில் வரும் என்று எழுத வேண்டியதில்லை. இலவச இடமோ ஒரு மின்னஞ்சல் முகவரியோடு திருப்தியடைந்தது. எச்டிஎம்எல்லும் எஃப்டிபியும் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே பல பையன்களுக்குக் கைவந்தது இந்த ஓசி இடங்களில்தான். கிளானை நடத்தியவன் காலேஜ் போய்க் கட்டணம் கட்ட மறந்தால் காசுத்தளம் மூடிவிடும். இலவசத் தளம் கேட்பாரற்று அப்படியே கிடக்கும், கம்பெனிக்கு அலுப்புத் தட்டும் வரை. ஜியோசிட்டீஸை வாங்கியிருந்த யாஹூவுக்கு 2009 அக்டோபர் 26 அன்று அலுப்புத் தட்டியது.

பேரம் கெட்ட கதை சுவையானது. பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை 1990-களின் பிற்பகுதியில் எழுதியவர் டிரைபாடில் வேலை பார்த்த ஈதன் ஜுக்கர்மன். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் யாரோ ஒரு பயனரின் ஆபாசப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கம்பெனி கொதித்தது. விளம்பரம் அந்தப் பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் திறக்கட்டும் என்று ஒரு வழி செய்தார்கள். 2014-ல் அட்லாண்டிக் இதழில் ஜுக்கர்மன் இதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். கவனிக்க வேண்டியது, பாப்-அப் பிறந்தது விளம்பரதாரரின் மானத்தைக் காப்பாற்ற. பக்கம் வைத்திருந்தவரின் மானத்தையோ பார்க்க வந்தவரின் பொறுமையையோ பற்றி அந்த அறையில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

நம் ஊரில் அந்தப் பொறுமைக்கு ரூபாய்க் கணக்கே உண்டு. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது வேகம் 256 கேபிபிஎஸ். அதாவது நொடிக்கு 32 கிலோபைட். 320 கிலோபைட் ஃபிளாஷ் விளம்பரம் ஒன்று இறங்க முழுசாகப் பத்து நொடி. மாத அளவைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை என்பதால் ராக்கோழிகளாக அலாரம் வைத்து எழுந்த தலைமுறை அது. கிளான் பக்கத்தில் ஸ்கோர் பார்க்க வந்தவன், தான் கேட்காத விளம்பரத்தைத் தன் காசில் இறக்கிக்கொண்டிருந்தான்.

இந்த நடைமுறையின் அடிப்படைக் கோளாறே இதுதான். ஒப்பந்தம் இடம் கொடுத்தவருக்கும் தளம் வைத்தவருக்கும் இடையில். விலை கொடுப்பது ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாவது ஆள். பெயர் கெடுவது தளம் வைத்த பையனுக்கு. எந்த விளம்பரம், எங்கே, எத்தனை முறை என்பதில் அவனுக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லை.

கேமிங் தளங்களில் இது இன்னும் மோசமாகிறது, காரணம் அங்கே வருகிறவர்கள் கோப்பைத் தேடி வருகிறார்கள். ஒரு மேப், ஒரு மாட், ஒரு பேட்ச். பக்கம் திறந்தால் பச்சை நிறத்தில் மூன்று டவுன்லோடு பொத்தான்கள். இரண்டு விளம்பரம். உண்மையானது கீழே, சின்ன எழுத்தில், நீலக் கோடு போட்டுக் கிடக்கும். மூடுவதற்கான பெருக்கல் குறியே விளம்பரப் படத்தின் பகுதியாக இருப்பதும் உண்டு. தொட்டால் மூடாது, வேறெங்கோ கூட்டிப்போகும். வந்தவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சூதாட்டம். இந்தியப் பார்வைக்கு விளம்பரச் சந்தையில் கிடைக்கும் தொகை அமெரிக்கப் பார்வையோடு ஒப்பிட்டால் சொற்பம். அதை ஈடுகட்ட விளம்பரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், அதிகம் தரத் தயாராக இருக்கிற ரம்மிக்காரருக்கும் பந்தயக்காரருக்கும் வாசலைத் திறந்துவிடுகிறார்கள்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. ரம்மியையும் போக்கரையும் அதன் தடைப் பட்டியலிலிருந்து உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. அதே மாதம் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டது. செய்தி போலவோ பொத்தான் போலவோ வேஷம் கட்டும் விளம்பரம் அதில் ஒன்று. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்கிறது. ஆனால் இந்தச் சட்டங்களுக்கு டிவியில் சிரிக்கும் நடிகரைப் பிடிப்பது எளிது. எந்த நாட்டிலோ இருக்கும் ஓசி சர்வரில், தானியங்கி ஏலத்தில் நுழைந்து ஐந்து நொடியில் மறையும் விளம்பரத்தைப் பிடிப்பது அப்படியல்ல.

அதற்காக விளம்பரமே வேண்டாம் என்றால் செலவை யார் ஏற்பது? சர்வர் காற்றில் ஓடுவதில்லை. சைக்கிளும் டயரும் செய்த அம்பத்தூரில் இன்று என்டிடி, எஸ்டிடி, கன்ட்ரோல்எஸ் என்று டேட்டா சென்டர்கள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. 2024 ஜனவரியில் திறந்த டிஜிட்டல் கனெக்ஷன் வளாகத்தின் முதற்கட்டத் திறன் மட்டும் 20 மெகாவாட். மின்சாரம், குளிரூட்டி, ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றுக்கும் யாராவது பில் கட்டித்தான் ஆக வேண்டும்.

பில்லை யாரிடம் நீட்டுவது என்பதில் ஜெர்மனியின் அட்டெர்னோஸ் கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்கிறது. 2013 முதல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான சர்வரை இலவசமாகத் தரும் நிறுவனம் அது. வருமானம் விளம்பரத்தில்தான். ஆனால் விளம்பரம் வருவது சர்வரை இயக்குகிறவர் பார்க்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்தில். உள்ளே வந்து கட்டை அடுக்கும் நண்பனின் திரையில் இல்லை. ஓசியில் பெற்றவரே அதன் சுமையையும் தாங்குகிறார். குறைகள் உண்டு. கூட்ட நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும், ஆளில்லாவிட்டால் சர்வர் தானே அணைந்துவிடும், ஐரோப்பாவிலிருந்து ஆவடிக்கு வரும் பிங் தாமதம் சண்டை போடும் ஆட்டத்துக்கு உதவாது. இருந்தாலும் பிள்ளைகள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருப்பதில் எரிச்சல் குறைவு.

மற்ற இலவச நிறுவனங்களும் இதைச் செய்யலாம். விளம்பரத்தைத் தளம் வைத்தவரின் பக்கத்துக்கு நகர்த்த மனமில்லை என்றால், குறைந்தபட்சம் எந்த வகை விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையாவது அவருக்குக் கொடுக்கலாம். சூதாட்டம், மது போன்ற வகைகளைத் தடுக்கும் வசதி கூகுள் ஆட்சென்ஸ் போன்ற விளம்பர வலையமைப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. இலவச இடத்தில் அந்தச் சுவிட்ச் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பதினாறு வயசுப் பையன் அதை அணைத்தால் வருமானம் குறையும் என்பார்கள். குறையட்டும். அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.