குட்டி ஜப்பானில் ஒரு லேன்சர்

என் அக்கா மகனிடம் ஒரு கார் இருக்கிறது. மிட்சுபிஷி லேன்சர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் திருவள்ளூரில் செய்து விற்ற, அடக்கமான குடும்பக் கார். மூன்றாம் கையாக வாங்கினான். இப்போது அதைப் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. பானெட்டில் காற்றுத் துளை, டிக்கியின் மேல் ஃபைபரில் செய்த உயரமான விங், வேகத்தடையில் வயிறு உரசும் அளவுக்கு இறக்கிய உடம்பு, டம்ளர் வாய் அகலத்துக்குச் சைலன்ஸர். பின்னால் சிவப்பு எழுத்தில் 'எவல்யூஷன்'. அந்த ஸ்டிக்கர் மட்டும் சிவகாசியில் அச்சானது. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் சொல்வார்கள். பெரிய ஜப்பானின் பெருமையைக் குட்டி ஜப்பான் குறைந்த விலையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தக் காரை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று தோன்றியதே அவன் அதைப் பற்றிப் பேசும் விதத்தால்தான். அவன் பேசுவது மெய்க்கீர்த்தி. 1973-இல் பிறந்த முதல் லேன்சர். 1974-லும் 1976-லும் அதில் ஆப்பிரிக்காவின் சஃபாரி ரேலியை வென்ற கென்யச் சீக்கியர் ஜோகிந்தர் சிங். 1992-இல் முதல் எவல்யூஷன்: ரேலியில் ஓட வேண்டுமானால் அதே காரை 2,500 பேருக்காவது விற்கும் அளவுக்குச் செய்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி, ஆகவே பந்தயத்துக்காகப் பிறந்து தெருவுக்கு வந்த வண்டி. ஒன்பது தலைமுறை மாறாமல் வந்த 4ஜி63 எஞ்சின். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்ற ஃபின்லாந்தின் டொம்மி மாக்கினென். பத்தாம் தலைமுறையில் எஞ்சின் மாறியது, 2016-இல் வம்சமே நின்றது. அப்பன் பெயர், பாட்டன் பெயர், வென்ற களங்கள், நாட்டின் எல்லை. சோழர் மெய்க்கீர்த்திகளிலாவது அரசி உடன் வீற்றிருப்பாள். இதில் அதுவும் இல்லை.

இல்லாமல் இல்லை, சொல்லப்படவில்லை. பிரான்ஸின் மிஷேல் மூட்டோன் 1981-இல் சான்ரெமோ ரேலியை வென்றார். அடுத்த ஆண்டு போர்ச்சுகல், அக்ரோபோலிஸ், பிரேசில் என்று மூன்று. அந்த ஆண்டின் உலகப் பட்டத்தில் இரண்டாம் இடம். அவர் ஓட்டியது ஆடி என்பதால் 'வேற வம்சம் சித்தி' என்று இவன் தள்ளிவிடலாம். சரி, மிட்சுபிஷியிலேயே தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியின் இசோல்டே ஹோல்டெரீட் ஓட்டினார்; பக்கத்து இருக்கையில் ஸ்வீடனின் டினா தோர்னர். அந்தப் பக்கத்து இருக்கைதான் எனக்குப் பிடித்தது. வரப்போகும் வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம் என்று முன்கூட்டியே சுருக்கக் குறியீட்டில் எழுதிவைத்து, வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே வாசித்துச் சொல்வது அந்த இருக்கையின் வேலை. சரியாக வாசிக்காவிட்டால் இருவரும் பள்ளத்தில். இருபது வருடமாக வாசிப்பைப் பாடமாக நடத்துகிறேன், என் வகுப்பில் இந்த அவசரம் ஒருநாளும் வந்ததில்லை.

இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "அதெல்லாம் லேடீஸ் கப் சித்தி." எனக்கு நன்றாகத் தெரிந்த அலமாரி அது. கவியரங்குகளில் 'பெண் கவிஞர்கள்' என்று ஒரு தனி அமர்வு வைத்து, சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தைத் தருவார்களே, அந்த அலமாரி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாத்தூர் நான்கு வழிச்சாலையில் ஒருநாள் என்னை உட்காரவைத்து அழுத்தினான். முதுகு சீட்டில் ஒட்டியது, நான் சத்தமாகச் சிரித்தேன். வேகம் ஆண்களின் சொத்து என்று எழுதிவிட்டு ஒதுங்கிப்போக என்னால் முடியாது. இன்னொன்று: எங்கள் பக்கத்தில் வண்டியின் பின்கண்ணாடி சாதிப் பெருமைக்கு ஒதுக்கப்பட்ட இடம். அந்த இடத்தில் இவன் ஒரு எஞ்சினின் பரம்பரையை ஒட்டியிருக்கிறான். தனக்குப் பிறப்பால் வந்த வம்சத்தைவிட, தானே தேர்ந்துகொண்ட வம்சம் எவ்வளவோ மேல். நான்கு, ஐந்து, ஆறாம் எவல்யூஷன்கள் இவனுடைய லேன்சரின் அதே உடற்கூட்டின் மேல் கட்டப்பட்டவை. ஆக, அவன் சொல்வது முழுப் பொய்யும் அல்ல.

என் சண்டை சத்தத்தோடு. ரேலி காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டர்போவின் சுழற்சி தளர்ந்துவிடும். தளராமல் இருக்க, எரிபொருளைப் புகைபோகும் வழியில் வைத்தே எரிப்பார்கள். அதனால்தான் அந்த வண்டிகள் வளைவுக்கு வளைவு வேட்டுப் போடுகின்றன. இவனுடைய 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போவே கிடையாது. காலை எடுத்தால் வெடிக்கிற மாதிரி, அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகப் பணம் கொடுத்து வைத்துக்கொண்டான். காரணம் இல்லாத காரியம். அணியிலக்கணத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும், தேட மனமில்லை.

ஏனென்றால் அந்தச் சத்தத்தை வேறு விதமாக வாசிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் பட்டாசு ஆலை என்று சொல்வதில்லை, ஃபயர் ஆபீஸ் என்போம். ஆபீஸுக்குப் போகிற பெண்கள் திரி வைக்கிறார்கள், சரம் பின்னுகிறார்கள், உருப்படிக் கணக்கில் கூலி. ஒரு அறைக்கு நான்கு பேர் என்பது விதி. விதிக்கும் அறைக்கும் இடையே உள்ள தூரம் ஊருக்கே தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இடையிலும் பிறகும் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் அதுவும் ஒரு மெய்க்கீர்த்தி போல நீளும். யாரும் அதை ஸ்டிக்கராக அடிப்பதில்லை.

போன வருடம் ஒரு மாலை அவன் வண்டி ஊருக்குள் திரும்பியபோது, ஆபீஸ் வேனிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காலை எடுத்திருப்பான் போல, இரண்டு முறை வெடித்தது. ஒருத்தி காரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், புகை எந்தத் திசையில் என்று. ஒருத்தி போனை எடுத்து யாரையோ அழைக்கத் தொடங்கிவிட்டாள்.

அக்கா பதினோரு வருடம் ஃபயர் ஆபீஸுக்குப் போனவள். இவன் டிப்ளமோ படித்ததும், காருக்கு முன்பணம் கட்டியதும் அந்தக் கூலியிலும் அவள் போட்ட சீட்டிலும்தான். 4ஜி63-இன் ஒன்பது தலைமுறையைத் தூக்கத்தில் சொல்கிறவனிடம், அவன் அம்மா எந்தெந்த ஆபீஸில் வேலை பார்த்தாள் என்று கேட்டேன். இரண்டின் பெயர் சொன்னான். நான்கு.

அவளுக்கு அந்த வண்டி மேல் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே வாளியில் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறாள். சத்தம் கேட்டால் மட்டும், கழுவுகிற பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து தெற்கே பார்க்கிறாள். புகை இல்லை என்றால் திரும்பிப் போகிறாள். அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருந்தாள்.

"உன் வண்டிதானாடா? வர்றதுக்கு முன்னாடி ஒரு போனப் போட்டுட்டு வாயேன்."