தியாகிகளின் வரிசையில் இனி யார்?

சுதந்திர தின விழாவைப் பற்றிய மாவட்டச் செய்திகளை அடுத்தடுத்துப் படித்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். ஆயுதப்படை மைதானத்தில் காலை 9.05 மணிக்கு ஆட்சியர் கொடியேற்றினார். காவலர் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டார். வெண்புறாக்களையும் மூவண்ண பலூன்களையும் பறக்கவிட்டார். சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார். பயனாளிகளுக்கு நலத்திட்ட உதவிகளும் சிறப்பாகப் பணியாற்றிய அலுவலர்களுக்கு நற்சான்றிதழ்களும் வழங்கினார். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாவட்டத்துக்கும் அதே செய்தி பொருந்திவிடும்.

இந்தச் சடங்கில் ஓர் இடம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வருகிறது. அது தியாகிகளின் வரிசை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் பதினைந்து வயதுச் சிறுவனாகக் கலந்துகொண்டவருக்கே இன்று வயது நூறை நெருங்குகிறது. 2020இல் கொரோனாவை முன்னிட்டு மூத்தவர்களை மைதானத்துக்கு அழைக்காமல் அதிகாரிகளே வீடு தேடிப் போய்ச் சால்வை போர்த்தினார்கள். இப்போது பல ஊர்களில் அந்த வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் தியாகிகளின் வாரிசுகள். விழா தொடங்கிய காலத்தில் அதற்குப் பொருள் கொடுத்ததே இந்த வரிசைதான். ‘நம் ஊரிலும் ஒருவர் சிறைக்குப் போனார்’ என்று காட்டிய வரிசை அது. அது காலியாகும்போது அங்கே யாரை உட்காரவைக்கப் போகிறோம்? ஊருக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களையா, துறைத் தலைவர்கள் பட்டியலிட்டு அனுப்பியவர்களையா? உள்ளூர் நாயகர்களைத் தேசிய விழாக்களில் கௌரவிக்கும் வழக்கத்தை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

வழக்கத்தின் பலத்தை முதலில் சொல்லிவிடலாம். அதற்குப் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை போதும். 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்குள்ள நீர்த்தேக்கத்தில் வெளியூர் இளைஞர்கள் சிலர் குளிக்க இறங்கி ஆழத்தில் சிக்கினார்கள். அருகில் இருந்த மூன்று பெண்கள், உடுத்தியிருந்த சேலைகளையே அவிழ்த்து முடிந்து தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் கரையேறினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 15 அன்று, அந்த மூவருக்கும் சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் கையால், துணிவுக்கான கல்பனா சாவ்லா விருது கிடைத்தது.

வேகத்தைக் கவனியுங்கள். நம் அரசு இயந்திரத்தில் இவ்வளவு சீக்கிரம் நகரும் கோப்பு அபூர்வம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஆண்கள் முன்னால் சேலையை அவிழ்த்த பெண்களைப் பற்றி நம் ஊர்கள் எப்படிப் பேசும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாராட்டு ஒரு பக்கம் இருக்க, கிசுகிசுப்பு இன்னொரு பக்கம் இருந்திருக்கும். கோட்டைக் கொத்தளத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்கள் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. இனி அது அந்தப் பெண்களின் மானம் பற்றிய விஷயம் இல்லை, மாநிலத்தின் பெருமை. எது பெருமைக்குரியது என்று ஊரறியத் தீர்ப்பளிக்கும் இந்த அதிகாரம் பணமுடிப்புக்கும் பதக்கத்துக்கும் கிடையாது. மேடைக்கு உண்டு. 2006இல் இதே விருது கணிதப் பேராசிரியர் வசந்தா கந்தசாமிக்கு வழங்கப்பட்டது. சென்னை ஐஐடியில் சமூகநீதிக்காக அவர் நடத்திய நீண்ட போராட்டமும் துணிவுதான் என்று அன்று அரசு சொன்னது. துணிவு என்பது தண்ணீரில் குதிப்பது மட்டுமில்லை என்பதை ஒரு சுதந்திர தின மேடை சொல்வதற்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கொட்டரையிலேயே மறுபக்கமும் இருக்கிறது. இறந்துபோன இரண்டு இளைஞர்களைப் பற்றி அந்த மேடை என்ன பேச முடியும்? ஆழமான நீர்நிலையில் எச்சரிக்கைப் பலகை, தடுப்பு, மிதவை, கயிறு, காவலுக்கு ஓர் ஆள் என எவையெல்லாம் இருந்திருந்தால் சேலைகளுக்கு வேலை வந்திருக்காது என்ற கேள்வியை விருது விழா கேட்பதில்லை. விழாவின் இயல்பு அப்படி. ஒவ்வொரு வீரச்செயலுக்கும் பின்னால் யாரோ செய்யத் தவறிய ஒரு வேலை இருக்கிறது. செய்தவரைப் பாராட்டும் சத்தத்தில் செய்யத் தவறியவர் நழுவிவிடுகிறார். சில நேரம் பாராட்டுபவரும் நழுவியவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு.

இன்னொரு குறை, விருதின் வடிவத்திலேயே இருக்கிறது. விருதுக்கு ஒரு கழுத்து வேண்டும். அல்லது எண்ணிக்கையில் அடங்கும் சில கழுத்துகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுற்றி வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருந்தபோதே, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். அரிசி கொடுத்தவர் யார், அடுப்பு மூட்டியவர் யார், இடுப்பளவுத் தண்ணீரில் பாத்திரத்தைத் தூக்கிப் போனவர் யார்? இதில் யாருக்குப் பதக்கம்? ஊர் முழுக்கச் சேர்ந்து செய்ததை ஒரு பெயருக்குக் கீழே எழுதினால் மற்றவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். எழுதாமல் விட்டால் அது வரலாற்றிலேயே இருக்காது. குடியரசு தினத்தன்று தரப்படும் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம், மத நல்லிணக்கத்துக்கான கோட்டை அமீர் பதக்கம் என எல்லாமே தனி மனிதரைத் தேடுகின்றன. ஊரைத் தேடும் பதக்கம் ஒன்றும் வேண்டும்.

மாநில அளவில் இவையெல்லாம் ஓரளவு பேசத்தக்க குறைகள். மாவட்ட மைதானத்துக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே வழங்கப்படும் சான்றிதழ்களில் பெரும்பகுதி அரசு அலுவலர்களுக்குப் போகிறது. வருவாய்த் துறைக்கு இத்தனை, ஊரக வளர்ச்சிக்கு இத்தனை, காவல் துறைக்கு இத்தனை என்று பங்கு. நல்ல அலுவலரைப் பாராட்டுவது தவறு என்று யாரும் சொல்லப்போவதில்லை. சொந்தப் பொறுப்பில் ராத்திரி பகலாக வெள்ள நிவாரணம் பார்த்த கிராம நிர்வாக அலுவலர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அவர்களையும், மூப்பு வரிசைப்படி இந்த ஆண்டு முறை வந்தவரையும், ஒரே அட்டையில் அச்சடித்த ஒரே வாசகம் சமமாக்கிவிடுகிறது. ‘தங்கள் பணியினைச் சிறப்பாகச் செய்தமைக்காக’ என்பதுதான் அந்த வாசகம். என்ன செய்தார்? எங்கே? யாருக்காக? ஒன்றும் கிடையாது. பெயர்கள் ஒலிபெருக்கியில் வேகவேகமாகப் போகின்றன, ஆட்சியரின் கை இயந்திரம்போல நீள்கிறது, புகைப்படக்காரர் அடுத்தவரை அழைக்கிறார். மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே நடப்பது பாராட்டு என்றே தெரியாது.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. கால்நடைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பெயர், அவன் யாருடைய ஆள், எந்தச் சூழலில் விழுந்தான் என்பதோடு, கூடவே நின்று இரண்டு கள்வர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் செயலையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிகிறது. சென்ற ஆகஸ்ட் 15 அன்று நம் மாவட்டத்தில் சான்றிதழ் வாங்கிய ஒருவர் என்ன செய்தார் என்பது இந்த ஆகஸ்டில் யாருக்காவது தெரியுமா?

தேர்வு முறையும் இந்த மௌனத்துக்குக் காரணம். விருதுகளுக்கு ‘விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்று ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு வரும். கருத்துரு தயாரிக்க வேண்டும். புகைப்படம், செய்தித்தாள் நறுக்கு, சான்றுகளின் நகல் எல்லாம் இணைக்க வேண்டும். கடைசி நாளுக்குள் உரிய அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். தன் வீரத்துக்குத் தானே கோப்புப் போடத் தெரிந்தவரே இந்த வாசலில் எளிதாக நுழைவார். தொண்டு நிறுவனம் நடத்துபவருக்கு இது பழக்கமான வேலை. ஏரியில் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டு மறுநாள் நூறுநாள் வேலைக்குப் போன பெண்ணுக்கு அப்படி ஒரு விருது இருப்பதே தெரியாது. கொட்டரைப் பெண்களின் பெயர் கோட்டைக்குப் போனதற்குக் காரணம், அந்தச் செய்தி முதலில் நாடு முழுக்கப் போனதுதான். செய்தியாகாத துணிவுக்கு இன்று வழி இல்லை. தனியார் சங்கங்களும் மன்றங்களும் நடத்தும் ‘நாயகர்’ விழாக்களைப் பற்றி ஒரு வரி போதும்: நன்கொடையாளர் நடு நாற்காலியில் இருக்கிறார், நாயகர் ஓரத்தில் கேடயத்தோடு நிற்கிறார்.

மேடையிலிருந்து இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய உறுத்தல். மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் வழியாகக் கந்துவட்டிக்கு எதிராகக் கூலிப் பெண்களைத் திரட்டியவர். பிரதமர் வாஜ்பாய் விருது மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நாடெங்கும் போனது. 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்டவர் குடியிருக்க ஒரு நல்ல வீடு இல்லை என்று 2024இலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் மாநில அரசு இடமும் வீடும் தருவதாக அறிவித்தது. நாட்டின் பிரதமர் வணங்கிய ஒருவருக்கே இந்தக் கதி என்றால், மாவட்டச் சான்றிதழ் வாங்கியவரின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். இதற்கு நேர்மாறாக, மாநில அரசின் தகைசால் தமிழர் விருதின் 10 லட்சம் ரூபாயை 2021இல் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் சங்கரய்யா கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்ற இன்னொரு மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு, கையில் இருந்த 5,000 ரூபாயையும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே திருப்பித் தந்தார். தேவையில்லை என்று சொன்னவர்கள் கைக்குப் பணம் தேடி வந்தது. தேவை இருந்தவர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

தூய்மைப் பணியாளர்களின் கதை இன்னும் கசப்பானது. கொரோனா காலத்தில் அவர்கள்மேல் பூத்தூவினோம், மாலை போட்டோம், முன்களப் பணியாளர் என்று விழா மேடைகளில் ஏற்றினோம். 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை முன் அவர்களே உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து, வேலைப் பாதுகாப்பு கேட்டு. ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, போலீசார் அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள், காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அவர்களுக்காக அமைச்சரவை அறிவித்தது. அதற்கு மறுநாள் சுதந்திர தினம். நலத்திட்டங்கள் நல்லவையே. ஆனால் அவர்கள் கேட்டது வேறு. உரிமை கேட்டால் கலைக்கப்படுபவர், கேட்காமல் உழைத்தால் நாயகர் என்றால், அந்தப் பட்டம் வாயை அடைக்கும் துணியாகிவிடும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இந்தப் பாராட்டே வேண்டாம், கொடியேற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். காரணம், ஆத்துப்பாக்கம். திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அந்த ஊராட்சியின் தலித் பெண் தலைவரை 2020 சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளிவந்த பிறகு, சுதந்திர தினத்திலிருந்து ஐந்தாம் நாள், ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார். கொடிக்கம்பத்தடி வெறும் அலங்காரம் என்றால் அதைத் தடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஊரில் யாருக்கு மதிப்பு என்பது அந்த இடத்தில்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தடுப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. யார் கையில் கொடுப்பது என்பதை மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்குப் புதிய சட்டமோ குழுவோ தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே தினக் கூட்டத்தில் சுதந்திர தினத்துக்கும், நவம்பர் கூட்டத்தில் குடியரசு தினத்துக்கும் பெயர்களை முன்மொழியலாம். நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. அங்கே ஆட்சேபம் வரும், சாதி பேசும், கட்சி பேசும். வரட்டும். மூடிய அறையிலும் அவையெல்லாம் பேசத்தான் செய்கின்றன. என்ன, நம் காதில் விழுவதில்லை. சபையில் எதிர்ப்பைத் தாண்டி வந்த பெயருக்கு ஊர் பொறுப்பேற்கும். மாவட்ட மேடையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பதில் பத்துப் பேர் போதும். ஒவ்வொருவருக்கும் அவர் செய்ததை இரண்டு நிமிடம் வாசிக்க வேண்டும், செய்ய நேர்ந்த காரணத்தையும் சேர்த்து. நீர்நிலையில் காப்பாற்றியவர் என்றால், அந்த நீர்நிலைக்கு இப்போது தடுப்பு போட்டாயிற்றா என்று அதே மேடையில் ஆட்சியர் சொல்ல வேண்டும். அலுவலர்களுக்கான சான்றிதழை அவரவர் துறை அலுவலகத்தில் வேறொரு நாள் கொடுத்துக்கொள்ளலாம்; அவர்களுக்கும் அது நிம்மதி.

அடுத்த மே 1 கிராமசபைக்குப் போகிறவர்கள், சாலை, குடிநீர், தெருவிளக்கு மனுக்களோடு ஒரு தாளைச் சேர்த்து எடுத்துப் போங்கள். உங்கள் ஊரில் ஒருவர் பெயர், அவர் செய்தது, நடந்த இடம், தேதி. அதை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.