தோடிக்கு என்ன நிறம்?

போன குளிர்காலத்தில் தில்லி மண்டி ஹவுஸ் பக்கம் ஓர் அரங்கில் கச்சேரி கேட்கப் போனேன். பாடகருக்குப் பின்னால் முழுச் சுவருக்கும் திரை. மால்கௌன்ஸ் ராகம் தொடங்கியதும் அதில் கருநீலம் பரவியது. தான்கள் வேகம் பிடித்ததும் செம்பொறிகள். தொகுப்பாளர் சொன்னார்: ஒலி கேட்டால் நிறம் தோன்றுவதை மேல்நாட்டார் சினெஸ்தீசியா என்று இப்போது ஆராய்கிறார்கள்; அதை நம் முன்னோர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ராகமாலா ஓவியங்களாகத் தீட்டிவிட்டார்கள். நல்ல கைதட்டல்.

இந்தப் பேச்சை எத்தனையோ கண்காட்சிகளில் கேட்டாகிவிட்டது. முதலில், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். திரை அழகாக இருந்தது. கச்சேரி வாசலை மிதிக்காத இளைஞர்கள் வந்திருந்தார்கள். ராகங்களை ஆட்களாகவும் காட்சிகளாகவும் தீட்டும் ராகமாலா உலக ஓவிய மரபுகளில் ஈடில்லாத ஒன்று என்பதிலும் சந்தேகமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் க்ஷேமகர்ணர் ராகங்களுக்கு விலங்குகளின் குரலையும் வீட்டு ஓசைகளையும் உவமை சொன்னார்; இமயமலை அடிவாரத்துப் பஹாடி ஓவியர்கள் அவற்றைத் தீட்டினார்கள். அங்கே காது கொஞ்சம் வேலை செய்திருக்கிறது.

அதற்கு மேல் என்னால் வர முடியவில்லை. ராகமாலாவில் தீட்டப்பட்டிருப்பது ராகத்தின் பெயர்தான். அந்த உவமைகள் தவிர, ராகத்தின் ஒலிக்கு அதில் இடமே இல்லை.

ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில், மேவார் ஓவியர் சாஹிப்தீன் 1628இல் தீட்டிய ராகமாலாவின் ஏடுகள் சில இருக்கின்றன. உச்சியில் மஞ்சள் பட்டை, அதில் எழுத்து. கீழே மண்டபம், தலைவி, மரம், சுடர்விடும் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்டுதான் ராகத்தின் தாபம் என்று நம் ஆட்கள் உருகுகிறார்கள். அதே சிவப்பு அடுத்த ராகத்திலும் இருக்கிறது. பாட்டே இல்லாத மேவார் ராமாயண ஓவியங்களிலும் இருக்கிறது. அது உதயப்பூர்ப் பட்டறையின் சிவப்பு. அதே ராகம் பூந்திக்கோ பஹாடி மலைநாட்டுக்கோ போனால் பட்டறைக்குத் தகுந்தபடி நிறமும் மாறிவிடும். பெரும்பாலும் மாறாமல் நிற்பவை பாத்திரங்கள் மட்டும்: தோடி என்றால் வீணையோடு ஒரு பெண்ணும் மான்களும், ஹிந்தோளம் என்றால் ஊஞ்சல், பைரவி என்றால் சிவபூஜை. இவை, ராகத்தை உருவமாக வருணிக்கும் தியான சுலோகங்கள் சொன்ன செய்திகள். சொல்லிலிருந்து படம் பிறந்திருக்கிறது. ஓவியர் பாட்டைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இது தில்லிக்காரரைவிடத் தில்லித் தமிழருக்குச் சட்டென்று விளங்க வேண்டும். நம் தோடியின் சுரங்களை இங்கே பாடினால் பைரவி என்பார்கள். இவர்களுடைய தோடி நமக்கு ஏறக்குறைய சுபபந்துவராளி. அப்படியானால் அந்த மான்கள் யார் பாடினால் வரும்? நாம் ஹிந்தோளம் பாடினால் வடக்கத்திக் காதுக்கு அது மால்கௌன்ஸ். ஓவியத்தில் மால்கௌன்ஸ் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆசனத்தில் சாய்ந்திருக்கும் பிரபு. ஒரே ஐந்து சுரம்: சென்னையில் ஊஞ்சல், தில்லியில் வெற்றிலைத் தட்டு! ஒலியிலிருந்து காட்சி பிறந்திருந்தால் இந்தக் கூத்து நடக்குமா? வடக்கிலேயே ராகங்கள் காலப்போக்கில் உருமாறியிருக்கின்றன. ராகங்களை ஆண், பெண் என்று பிரிக்கும் பழைய ராக-ராகினிக் குடும்பக் கணக்கு பாட்டோடு ஒட்டவில்லை என்று முகம்மது ரஜா 1813லேயே ‘நக்மாத்-எ-ஆஸஃபி’யில் தகராறு செய்தார். பிறகு இசையறிஞர் பாத்கண்டே அந்தக் குடும்பங்களையே கலைத்துவிட்டு, தாட் எனப்படும் பத்துச் சுரவரிசைகளை வைத்தார். பாடகர்கள் கைவிட்ட குடும்பத்தைக் கண்காட்சிக்காரர்கள்தான் இன்னும் பேணி வருகிறார்கள்.

உடனே சாஸ்திரத்தை எடுத்து வீசுவார்கள். சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ சுரங்களுக்கு நிறம் சொல்கிறதே என்று. சொல்கிறதுதான். சட்ஜம் செந்தாமரை, மத்திமம் குந்தமலர் வெள்ளை, பஞ்சமம் கறுப்பு, நிஷாதம் பல நிறக் கலவை. அதே இடத்தில் சுரங்களுக்குச் சாதியும் சொல்லியிருக்கிறது: சட்ஜம், மத்திமம், பஞ்சமம் பிராமணர், ரிஷபமும் தைவதமும் க்ஷத்திரியர், காந்தாரமும் நிஷாதமும் வைசியர். நிறத்தைக் காதால் கண்டார்கள் என்றால் சாதியையும் காதால் கண்டார்கள் என்றல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? பிரபஞ்சத்தை அட்டவணை போடும் ஆசை அது. இதே நூல் சொல்லும் 120 தேசி தாளங்களை இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் கையாண்டார். அவர் நிஜமாகவே ஒலியில் நிறம் கண்டவர். இந்தியாவிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது தாளத்தை. நிறம் அவரிடமே இருந்தது.

இன்னொரு வாதம் நம்மவர் பிரியத்தோடு சொல்வது. வர்ணம் என்றால் நிறமும் பாட்டும். வண்ணம் என்றால் நிறமும் சந்தமும், தொல்காப்பியமே இருபது வண்ணம் சொல்கிறது. ராகம் என்ற சொல்லே சாயமேற்றுவதிலிருந்து வந்தது. மொழி ஒரு புலனின் சொல்லை இன்னொரு புலனுக்குக் கடன் வாங்குவது அன்றாட நடப்பு. தேன்குரல் என்று முதலில் சொன்னவரின் நாக்கு இனித்ததா என்ன?

சினெஸ்தீசியாவில் இந்தக் கடன் கிடையாது. ஒரு புலனைத் தொட்டால் இன்னொன்று கேளாமலே விழிக்கும். எந்த ஒலிக்கு எந்த நிறம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதே ஆளுக்கு வருடங்கள் கழிந்தாலும் மாறாது. நம் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் எண்ணில் நிறம் காண்பவர்களுக்கு வைத்த சோதனை பிரபலம்: பக்கம் நிறைய கறுப்பு 5கள், நடுவே முக்கோணமாகச் சில 2கள். மற்றவர்கள் துழாவித் தேட, அவர்களுக்கு முக்கோணம் நிறமாக எழுந்து நிற்கும். சபை கூடி முடிவு செய்ததை, தந்தை மகனுக்குப் பட்டறையில் சொல்லிக்கொடுத்ததை, இதோடு சேர்ப்பது எந்த ஊர் நியாயம்? மரபு என்பது பலர் ஒப்புக்கொண்டது. சினெஸ்தீசியாவில் ஒப்புதலுக்கு வேலையே இல்லை.

கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் அன்று திரையில் நீலம் பரவியபோது பாடகர் மந்திர மத்திமத்தில் நின்றுகொண்டிருந்தார். அசைவில்லாமல், நூல் இழுத்தாற்போல. கேட்டவர் எத்தனை பேர்? என் முன்வரிசையில் பாதிப்பேர் கைபேசியை உயர்த்தித் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கச்சேரிக்கு என்னோடு எங்கள் மாடிவீட்டுப் பெண்ணும் வந்திருந்தாள். வயலின் படிக்கிறவள். சிறு வயதிலிருந்தே அவளுக்குச் சத்தங்கள் நிறத்தோடுதான் வரும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று பத்து வயதுவரை நினைத்திருந்தாளாம். தோடிக்கு என்ன நிறம் என்று ஒருமுறை கேட்டேன். “ராகத்துக்கெல்லாம் நிறம் கிடையாது அங்கிள்” என்றாள். சாரங்கி துருப்பிடித்த இரும்பு, தம்புரா நனைந்த சாக்கு, சுருதியைக் கூட்டினால் சாக்கு காய்ந்துவிடும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

மெட்ரோவில் திரும்பும்போது நிகழ்ச்சி எப்படி என்று கேட்டேன். பாட்டு நன்றாக இருந்தது என்றாள். திரை? அந்த நீலம் சாரங்கியோடு மோதிக்கொண்டே இருந்ததால், முதல் பாட்டிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.