கொடுத்த கையும் கூப்பிய கையும்
கிருஷ்ணதேவராயர் ஆஸ்தானத்தைப் பற்றிய சான்றுகள்

ஓர் அரசனுடைய கொடைத்திறத்தை உள்ளபடி அறிய விரும்புவோர், அவனிடம் பரிசில் பெற்ற புலவர்களை மட்டும் கேட்டால் போதாது. அவனுடைய நகரத்துக்கு வந்து கண்டு சென்ற அந்நியனையும், அவன் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் விஷயத்தில் இம்மூவகைச் சாட்சிகளும் நமக்கு வாய்த்திருப்பது பெரும் பாக்கியமாகும். போர்த்துகீசியர் எழுதிவைத்த விவரங்களை ராபர்ட் ஸீவெல் 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். காவியங்களில் சிதறிக் கிடந்த சரித்திரக் குறிப்புகளை 1919-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் திரட்டித் தந்தார்; நீலகண்ட சாஸ்திரியாரும் வேங்கடரமணய்யாவும் 1946-இல் அத்திரட்டை மேலும் விரிவாக்கினர். இவற்றோடு சாசனங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் அந்த ஆஸ்தானத்தின் முழு உருவம் நம் கண்முன் எழுகிறது.

முதற்சாட்சி, 1520-ஐ ஒட்டி அந்நகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டோமிங்கோ பயஸ். நடுத்தர உயரமும் சிவந்த மேனியும் சற்றே பருத்த உடலும் முகத்தில் அம்மைத் தழும்பும் உடையவராக ராயரை அவர் வருணிக்கிறார். பொழுது புலருமுன் எழுந்து, நல்லெண்ணெய் குடித்து, அதையே உடலெங்கும் பூசிக்கொண்டு, சிறு துணியொன்றை அரையில் கட்டி, மண்ணாற் செய்த பெரும்பாரங்களைத் தூக்கி, உட்கொண்ட எண்ணெயெல்லாம் வியர்வையாய் வெளியேறும்வரை வாள் சுழற்றி, மல்லன் ஒருவனோடு மற்போரும் செய்து, பின் விடியும்வரை குதிரையேறி வெளியைச் சுற்றிவந்து, நீராடி, வழிபாட்டை முடித்த பின்னரே அம்மன்னர் அதிகாரிகளோடு ராஜ்ய காரியங்களில் அமர்ந்தார் என்று பயஸ் எழுதுகிறார். மகாநவமி விழாவின் ஆடம்பரத்தைக் கண்டு வியந்து நின்ற அதே கண்கள், அவ்வாடம்பரத்துக்குப் பின்னால் நாள்தோறும் நிகழ்ந்த இந்தக் கடுமையையும் கண்டன.

இரண்டாம் சாட்சியாகிய கல், சுருங்கச் சொல்லித் திட்டமாகச் சொல்லும். முடிசூட்டு விழாவை ஒட்டி ஹம்பி விரூபாக்ஷர் சந்நிதியில் மண்டபம் எழுந்ததை 1510-ஆம் ஆண்டுச் சாசனம் கூறுகிறது. 1513 பெப்ரவரியில் திருமலைக்கு முதன்முறை வந்த ராயர் நவரத்தின கிரீடத்தையும், ஆரத்திக்கென 25 வெள்ளித் தட்டுகளையும் சமர்ப்பித்தார். தேவியர் இருவரும் பெருமாளுக்குப் பால் நிவேதனம் செய்யப் பொற்கிண்ணங்கள் அளித்தனர். வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் இன்றும் அங்கே ராயரின் செப்புத் திருவுருவத்தைக் காணலாம். திருமலாதேவியும் சின்னாதேவியும் இருமருங்கிலும் நிற்க, பேரரசர் கைகூப்பி நிற்கிறார். உலகுக்கெல்லாம் ஈந்த கை, அங்கே இரக்கும் கையாகக் குவிந்திருக்கிறது.

மூன்றாம் சாட்சியர் புலவர்கள். எட்டுத் திக்கு யானைகள் எனப் புகழ்பெற்ற அஷ்டதிக்கஜங்களுள் சிலர் ராயருக்குப் பிற்பட்டவர் என்று ஆராய்ச்சியாளர் கருதுவதால், அக்கணக்கைச் சற்று எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும். ஆயினும் ‘மனுசரித்திரம்’ பாடிய அல்லசானி பெத்தனாவும், ‘பாரிஜாதாபஹரணம்’ பாடிய நந்தி திம்மனாவும் அவையை அலங்கரித்தது திண்ணம். என்னைக் கண்டால் யானையை நிறுத்திக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டவர், என் பல்லக்கைத் தாமே தாங்கியவர், என் காலில் கண்டபெண்டேரம் என்னும் வீரக்கழலைத் தம் கையாலேயே பூட்டியவர் என்று, ராயர் மறைந்தபின் பெத்தனா புலம்பியதாக ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. பொன் கொடுப்பவர் பலர் உண்டு. வித்தைக்குத் தோள் கொடுத்தவரையே அப்பாடல் நினைந்து அழுகிறது.

இத்தனை ஈகைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. போர்த்துகீசியக் குதிரை வணிகராகிய நூனிஸ், படைத்தலைவர்களாகிய நாயக்கர்கள் தம் நிலவருவாயிற் பாதியை அரசனுக்குச் செலுத்தினர் என்றும், உழவரோ விளைவில் பத்தில் ஒன்பது பங்கை அந்நாயக்கர்களுக்கு இறுத்தனர் என்றும் எழுதுகிறார். அக்கணக்கு மிகைப்பட்டதேயாயினும், அரண்மனையின் தந்த மண்டபம் ஏர்முனையின்மீதே நின்றது என்பதில் ஐயமில்லை. ராயர் இதை அறியாதவர் அல்லர். ஏரியும் கால்வாயும் வெட்டி எளியோர் வரியைத் தளர்த்தினால் பொருளும் அறமும் ஒருங்கே வளரும் என்று தம் ‘ஆமுக்தமால்யதா’வின் ராஜநீதிப் பகுதியில் அவரே பாடியிருக்கிறார்.

அக்காவியத்தின் பிறப்பைப் பற்றி அவரே கூறும் வரலாறு நம் நெஞ்சைத் தொடுவது. கலிங்கப் படையெடுப்பின்போது ஏகாதசி விரதமிருந்த இரவில் ஆந்திர மகாவிஷ்ணு கனவில் தோன்றித் தெலுங்கில் ஒரு காவியம் செய்யப் பணித்தார் என்கிறார். அந்தத் தெலுங்குக் காவியத்தின் தலைவியோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். நூலின் பெயருக்குப் பொருளே சூடிக் கொடுத்தவள் என்பதாகும். கிரீடமும் வெள்ளித் தட்டும் கொடுத்து வந்த ஒரு சக்கரவர்த்தி, தாம் பாடுவதற்குரிய கொடையாளியைத் தேடியபோது, நந்தவனத்துப் பூமாலை ஒன்றைத் தவிர வேறொன்றும் கொடுப்பதற்கில்லாத ஒரு பெண்ணையே கண்டெடுத்தார். திருமலையில் கூப்பியிருக்கும் அக்கைகளின் பொருள் எனக்கு இந்த இடத்தில்தான் முழுதும் விளங்குகிறது.